புளியில் அவித்த கற்கள்

கொலனிப் பள்ளிக்கூடத்தில் என்னோடு ஐந்தாம் வகுப்பில் இருந்தவர்களே, கல்லைப் பற்றி எழுதச் சொன்னீர்கள். எழுதுகிறேன். நீங்கள் எதிர்பார்த்த மாதிரி இருக்காது.

போன மாதம் நீங்கள் தொலைபேசியில் நடத்திய கூட்டத்தை முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தேன். கனடாவில் ஒருவர் போர்வைக்குள் கிடந்தபடி பேசினார். லண்டனில் ஒருத்தி வெங்காயம் வெட்டிக்கொண்டே பேசினாள். பள்ளிக்கூட முற்றத்தில் கொடிக்கம்பத்தைச் சுற்றிக் கிடக்கிற வெள்ளைக் கற்கள் இரும்புக் கறள் நிறமாகி, பாசி பிடித்து, பார்க்க அசிங்கமாக இருக்கின்றனவாம். அவற்றைப் பழையபடி வெள்ளையாக்கி, நடுவில் தலைமை ஆசிரியராக இருந்த எங்கள் பெரிய வாத்தியாரின் படத்தை வைத்துத் திறப்புவிழா நடத்தப்போகிறீர்களாம். "நீதானேடி புளி போட்டுக் கல்லை வெளுக்கிறதைக் கண்டுபிடிச்சனி. விழா மலருக்கு ஒரு நினைவுக் குறிப்பு எழுதித் தா" என்று கேட்டீர்கள். நான் என் பக்கத்துச் சத்தத்தை நிறுத்திவிட்டேன். அதற்குப் பிறகு சிரித்தேனா துப்பினேனா என்பது உங்களுக்குத் தேவையில்லாத விஷயம்.

முதலில் உங்கள் ஞாபகத்தைக் கொஞ்சம் கழுவ வேண்டும். "சோலை மாதிரி இருந்த பள்ளிக்கூடம்" என்றார் ஒருவர். எந்தச் சோலை? கிளிநொச்சி பஸ் நிற்கிற இடத்திலிருந்து இரண்டு கட்டை தூரம் நடந்தால் வாய்க்கால் கரையில் ஒரு தகரக் கொட்டகை. அரைச்சுவர். மழை பெய்தால் வாத்தியார்மாரின் வாய் அசைவது மட்டும்தான் தெரியும். பின்னால் ஒரு கிணறு. வாளியில் அள்ளும்போது தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும். ஒரு பொழுது வைத்திருந்தால் அடியில் காவி படியும். வெள்ளைச் சட்டை ஒரு தவணைக்குள் தேத்தண்ணி நிறமாகிவிடும். எங்கள் பல்லும் அப்படித்தான். உங்களில் பலர் வெளிநாட்டில் பல்லை மாற்றிக் கட்டிக்கொண்டீர்கள். படங்களில் பார்த்தேன், நன்றாகத்தான் இருக்கிறது.

பெரிய வாத்தியார் குடாநாட்டிலிருந்து மாற்றலாகி வந்தவர். எங்கள் தாய்தகப்பனும் அங்கிருந்து இந்தக் கொலனிக்குக் குடியேறி வந்து காடு வெட்டி வயல் செய்தவர்கள்தான். ஆனாலும் அவருக்கு நாங்கள் காட்டுச் சனம். திங்கட்கிழமை பஸ்ஸில் வரும்போது தன் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரை இரண்டு பெரிய போத்தல்களில் கொண்டுவருவார். அதைத்தான் குடிப்பார். வியாழக்கிழமை போத்தல் முடிந்தால் இளநீர் கொண்டுவரச் சொல்லி யார் வீட்டுக்காவது ஆள் அனுப்புவார். வந்த நாளிலிருந்து அவர் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது ஒன்றுதான், எப்படித் திரும்பிப் போவது என்று.

கற்கள் அதற்காகத்தான் வந்தன. அந்த வருடம் பள்ளிக்கூடங்களுக்குள் தோட்டப் போட்டி ஒன்று அறிவித்திருந்தார்கள். நல்ல தோட்டம் வைத்தவருக்கு விரும்பிய இடத்துக்கு மாற்றம் கிடைக்கும் என்று யாரோ அவர் காதில் போட்டுவிட்டார்கள். கொலனிக் கடைகளுக்குச் சாமான் ஏற்றிவரும் லொறிக்கார முஸ்லிம் நானாவைப் பிடித்து, நெடுங்கேணிப் பக்கக் காட்டிலிருந்து ஒரு லொறி வெள்ளைக்கல் கொண்டுவந்து இறக்கினார். தேங்காய் அளவிலும் அதைவிடச் சிறிதாகவும் கற்கள். வெயில் பட்டால் கற்கண்டு மாதிரி மினுங்கும். நான் ஒன்றை நக்கிப் பார்த்தேன். நீங்களும் நக்கினீர்கள், இப்போது மறுப்பீர்கள்.

கொடிக்கம்பத்தைச் சுற்றி ஒரு வட்டம். வாசல் படலையிலிருந்து அலுவலகம் வரைக்கும் இரு கரையிலும் வரிசை. நடுவில் கள்ளியும் குரோட்டனும் நட்ட ஒரு கல்மேடு. கல்லை மிதித்தால் பிரம்படி. வயலுக்கே முறை வைத்துத் தண்ணீர் விட்ட காலத்தில் அந்தக் குரோட்டனுக்குக் காலையும் மாலையும் பூவாளியால் தண்ணீர் ஊற்றப்பட்டது.

ஊற்றியது யார் என்று உங்களில் ஒருவருக்காவது ஞாபகம் இருக்கிறதா? அந்தக் கூட்டத்தில் எல்லோரையும் பற்றிப் பேசினீர்கள், தின்னப் பணிஸ் கொண்டுவருகிறவரின் சைக்கிள் மணி வரைக்கும். பள்ளிக்கூடம் கூட்டுகிற அக்காவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அக்கா மலைநாட்டிலிருந்து வந்தவர். தேயிலைத் தோட்டத்தில் குடியிருந்த லய வீட்டைக் கலவரத்தில் எரித்துவிட, அண்ணனோடு இங்கே வந்து வாய்க்காலுக்கு அங்கால் காட்டை வெட்டிக் கொட்டில் போட்டிருந்தார். இருபது வயதுதான் இருக்கும். வெற்றிலை போடுவார், சிரித்தால் வாயெல்லாம் சிவப்பு. எங்கள் வீட்டில் அந்தச் சனத்துக்குத் தண்ணீர் கொடுக்கவென்று பின்வேலியில் ஒரு தகரப் பேணி தொங்கியது. உங்கள் வீடுகளிலும் தொங்கியது. "அது கூட்டுது", "அது மணி அடிக்குது" என்றுதான் அவரைப் பற்றிச் சொல்வோம். இன்றைக்கு 'அவர்' என்று எழுதுகிறேன். எழுதுகிற கைக்கே புதிதாக இருக்கிறது.

மாரி முடிந்து தை பிறந்தபோது கற்கள் எங்கள் பல்லின் நிறத்துக்கு வந்திருந்தன. மேலே கறள், நிலத்தோடு ஒட்டிய பக்கத்தில் பாசி. அந்த நேரம் பார்த்து, தோட்டத்தைப் பார்வையிட வித்தியாதரிசி மூன்று கிழமையில் வருகிறார் என்று கடிதம் வந்தது. வித்தியாதரிசி என்றால் பள்ளிக்கூடங்களைச் சோதிக்க வருகிற பெரிய அதிகாரி. பெரிய வாத்தியார் கடிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டே முற்றத்துக்கு வந்து அக்காவைக் கூப்பிட்டார்.

"என்னடி ஊத்தினனி இதுக்கு? சேத்தையே அள்ளி ஊத்தினனி?"

"கெணத்துத் தண்ணிதானுங்க ஐயா. வேற தண்ணிக்கு நான் எங்கங்க போவேன்?"

"நீங்கள் தொட்டதெல்லாம் இப்பிடித்தான். பார், கல்லுக்கும் இதுகளின்ரை பல்லு மாதிரி நிறம் வந்திட்டுது."

எங்களைக் காட்டித்தான் சொன்னார். நாங்கள் சிரித்தோம். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். கல்லைக் கெடுத்த அதே தண்ணீரைத்தான் பிள்ளைகள் குடிக்கிறார்கள் என்ற யோசனை அந்தப் படித்த மனிதனுக்கு ஒரு கணமும் வரவில்லை.

பிறகு பாடம் இல்லை. காலை மணியடித்ததும் ஆளுக்கொரு பிடி தேங்காய்த் தும்பும் சாம்பலும். வாய்பாடு சொல்லிக்கொண்டு தேய்க்க வேண்டும். அதனால் கணக்குப் பாடமும் நடந்ததாகிவிடும் என்பது அவருடைய கண்டுபிடிப்பு. பாசி போனது. கறள் போகவில்லை. செங்கல்லைப் பொடித்துத் தேய்த்தோம், விரல் நுனி தேய்ந்ததுதான் மிச்சம். அடுத்ததாகச் சுண்ணாம்பு கரைத்து எல்லாக் கல்லுக்கும் பூசச் சொன்னார். இரண்டு நாள் நன்றாக இருந்தது. மூன்றாம் நாள் காலம் தப்பி ஒரு மழை பெய்தது. காகம் கூட்டமாக இருந்துவிட்டுப் போன இடம் மாதிரி இருந்தது முற்றம்.

அந்த மனிதன் அதோடு விட்டிருப்பார். நான் விடவில்லை.

எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை குத்துவிளக்கை அம்மா பழப்புளி போட்டு விளக்குவா. அந்த வெள்ளி அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்குள் ஒரு கெட்டித்தனம் எழும்பியது. அடுத்த நாள் ஒரு சின்னக் கல்லைச் சட்டைக்குள் மறைத்துக் கொண்டுவந்து, சமையல் குசினிக்குப் பின்னால் உடைந்த சட்டியில் புளியைக் கரைத்து, உப்புப் போட்டு, கல்லை அதற்குள் வைத்தேன். மூன்று நாள். நாலாம் நாள் எடுத்துத் தும்பால் தேய்த்தால் கறள் தோல் மாதிரி உரிந்து வந்தது. கீழே கல் வெள்ளை வெளேரென்று.

உங்களுக்குச் செய்முறை வேண்டுமென்றால் இவ்வளவுதான். புளி, உப்பு, மூன்று நாள் பொறுமை. பிறகு நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். மழைத்தண்ணீர் என்றால் நல்லது, கிணற்றுத் தண்ணீர் என்றால் திரும்பவும் அதே கதை. நெருப்பு வேண்டாம்.

கல்லைக் கொண்டுபோய்ப் பெரிய வாத்தியாரின் மேசையில் வைத்தேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மணி அடிக்கச் சொல்லி முழுப் பள்ளிக்கூடத்தையும் கூட்டி, என் தோளில் கை வைத்துச் சொன்னார்: "இந்தக் காட்டுக்குள்ளையும் மூளையோடை ஒண்டு பிறந்திருக்கு." பத்து வயதில் அதை நான் புகழ்ச்சி என்று எடுத்துக்கொண்டேன். இரவு சோறு இறங்காத அளவுக்கு வயிறு நிறைந்திருந்தது.

அடுத்த உத்தரவு, ஒவ்வொரு பிள்ளையும் இரண்டு கை நிறையப் பழப்புளி கொண்டுவர வேண்டும். மாசி பங்குனியில்தான் புதுப்புளி வரும். தையில் எல்லார் வீட்டிலும் பானையின் அடிப்புளிதான் இருந்தது.

"உன்ரை வாயாலை வந்த வேலை" என்றா அம்மா, பானைக்குள் கையை விட்டுச் சுரண்டிக்கொண்டே. "இனி ரெண்டு மாசத்துக்குப் புளியில்லாத குழம்பைக் குடிச்சுக்கொண்டு கிட. அக்கம்பக்கத்துச் சனம் என்னைத் திட்டுது."

திட்டியது உண்மை. ஆனால் ஒரு வீடும் இல்லை என்று சொல்லி அனுப்பவில்லை. எங்கள் பெரியவர்களின் வீரமெல்லாம் குசினிக்குள் மட்டும்தான். கொண்டுவராத பிள்ளையை வட்டத்துக்குள் வெயிலில் முழங்காலில் நிறுத்தினார். கனடாவில் போர்வைக்குள் கிடந்து பேசியவரே, அது நீங்கள். நீங்கள்தான் இப்போது அந்தப் படத்துக்கு மாலை போடப்போகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். முழங்கால் இப்போது எப்படி?

நான் புளியைச் சோதிக்கிறவள். லண்டன்காரியின் புளியில் கொட்டை அதிகம் என்று திருப்பி அனுப்பியது நான்தான்.

வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குக் கொலனிச் சனம் கொண்டுபோகிற இரண்டு பெரிய கிடாரங்களும் கிணற்றடிக்கு வந்தன. அவற்றில் புளி கரைத்துக் கல் ஊறப்போட்டார்கள். கரைத்தது, கல் தூக்கியது, தேய்த்தது எல்லாம் அக்கா. புளித்தண்ணீரில் கை வெந்து விரலிடுக்கெல்லாம் வெளுத்துப் புண்ணாகியிருந்தது. ஆனால் ஒரு தடவைக்கு முப்பது கல்தான் கொள்ளும், ஒரு தடவைக்கு மூன்று நாள். வித்தியாதரிசி வர நாலு நாள் இருந்தபோது பாதிக் கல் கூட வெளுக்கவில்லை.

அப்போதுதான் பெரிய வாத்தியாருக்கு விஞ்ஞானம் வந்தது. சூட்டில் எதுவும் கெதியாக நடக்கும் என்றார். கல்லை நெருப்பில் நன்றாகச் சுட்டு, சூட்டோடு சூடாகப் புளித்தண்ணீருக்குள் போட்டால் கறள் அப்படியே கழன்றுவிடுமாம்.

கிணற்றடியில் வீரைக் கட்டைகளை அடுக்கி நெருப்பு மூட்டினார்கள். கற்கள் தணலுக்குள் கிடந்தன. புளி மணமும் புகையும் சேர்ந்து தொண்டையைப் பிடித்தது. அக்கா மண்வெட்டியால் ஒரு கல்லைத் தூக்கிக் கிடாரத்துக்குள் போட்டார். ஒரு சீற்றம், ஒரு மூட்டம் ஆவி. இரண்டாவது கல் போட்டபோது உள்ளே 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்டது. அக்கா மண்வெட்டியைக் கீழே வைத்தார்.

"ஐயா, இது வேணாமுங்க. வெடிச்சிருங்க. ரோட்டு வேலையில பாறைய இப்படித்தானுங்க ஒடைப்பாங்க. நெருப்புப் போட்டுத் தண்ணி ஊத்துவாங்க."

"ஓகோ" என்றார் பெரிய வாத்தியார். எங்கள் பக்கம் திரும்பினார். "தேயிலை கிள்ளினவள் எனக்குக் கல்லைப் பற்றிப் படிப்பிக்கிறாள், கேட்டீங்களே?"

முதலில் சிரித்தது நான். பிறகு நீங்கள்.

"போடடி" என்றார்.

அக்கா என்னைப் பார்த்தார். பிறகு மூன்றாவது கல்லைத் தூக்கிப் போட்டார்.

சத்தம் வெடி மாதிரி இல்லை. தடித்த கண்ணாடி உடைவது மாதிரி இருந்தது. கொதிக்கிற புளித்தண்ணீர் எழும்பி விழுந்தது. அக்கா இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு குந்தினார். கத்தவில்லை. "அம்மா, அம்மா" என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். விரலிடுக்கால் வந்த இரத்தம் புளித்தண்ணீரோடு கலந்து முழங்கையால் வழிந்தது.

பெரிய வாத்தியார் முதலில் சொன்ன வார்த்தை எனக்கு எழுத்துப் பிசகாமல் ஞாபகம் இருக்கிறது: "சில்லுகளைப் பொறுக்குங்கோ பிள்ளையள், வாறவருக்குக் குத்திப்போடும்."

பொறுக்கினோம். கடையில் சாமான் இறக்கிக்கொண்டிருந்த லொறிக்கார நானா சத்தம் கேட்டு ஓடிவந்தார். ஒருவரிடமும் எதுவும் கேட்கவில்லை. தன் தோளில் கிடந்த துவாயால் அக்காவின் முகத்தைச் சுற்றிக் கட்டி, லொறியின் முன் ஆசனத்தில் ஏற்றி, பாதிச் சாமானோடு கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்குப் போனார். அந்த மாதம் முழுவதிலும் வளர்ந்த மனிதர் ஒருவர் ஒழுங்காகச் செய்த ஒரே வேலை அதுதான்.

இடது கண் போய்விட்டது என்று அடுத்த நாள் செய்தி வந்தது.

வித்தியாதரிசி சொன்ன நாளில் வந்தார். வெளுத்த கற்களைப் படலைப் பக்கத்துக்கு மாற்றி, வெளுக்காதவற்றைக் கறள் பக்கம் நிலத்தில் படக் குப்புறக் கவிழ்த்து வைத்திருந்தோம். அவர் ஜீப்பால் இறங்கி நேரே அலுவலகத்துக்குப் போனார். செவ்விளநீர் குடித்தார். திரும்பி வரும்போது சப்பாத்து நூலைக் கட்டுவதற்காக ஒரு வெள்ளைக் கல்லின் மேல் காலைத் தூக்கி வைத்தார். கற்களுக்கும் அவருக்கும் இருந்த தொடர்பு அவ்வளவுதான்.

படலையில் அக்காவின் அண்ணன் நின்றார். சட்டை இல்லை, துண்டைக் கக்கத்தில் இடுக்கியிருந்தார்.

"ஐயா, என் தங்கச்சிக்குக் கண்ணு போயிருச்சுங்க. இவங்க சொல்லித்தானுங்க நெருப்புல போட்டுச்சு. வேலைய மட்டும் எடுத்துறாதீங்க. அது வேலை செய்யும்போது பட்ட காயம்னு எழுதிக் குடுத்தீங்கன்னா போதும்."

வித்தியாதரிசி பெரிய வாத்தியாரைப் பார்த்தார். பெரிய வாத்தியார் பதறவில்லை. என்னை மிரட்டவும் இல்லை. வரிசையில் நின்ற என்னைக் கையால் காட்டி, "நான் ஏன் கதைப்பான். பிள்ளையளைக் கேளுங்கோ. எங்கடை கெட்டிக்காரி சொல்லுவா" என்றார்.

"என்ன நடந்தது பிள்ளை?" என்று கேட்டார் அதிகாரி.

நான் சொன்னேன்: "அந்த அக்கா தான்பாட்டிலை நெருப்பிலை போட்டவா. சேர் போடவேண்டாம் எண்டு சொன்னவர்."

இரண்டாவது வசனத்தை யாரும் என்னிடம் கேட்கவில்லை. அதை நானாகச் சேர்த்தேன். முதலாவது போதாதோ என்று எனக்கு ஒரு பயம். அரைகுறையாகச் சொல்லும் பிள்ளை இல்லையே நான்.

நீங்கள் எல்லோரும் அங்கே நின்றீர்கள். ஒருவர் கூட இருமவில்லை. அண்ணன் என்னைப் பார்த்தார், பிறகு கற்களைப் பார்த்தார், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார். 'தன் கவனக்குறைவால்' என்று அறிக்கை எழுதப்பட்டது. வேறு ஒருத்தி கூட்ட வந்தாள்.

வீட்டில் அப்பாவுக்கு எல்லாம் தெரியும். கையைக் கழுவிக்கொண்டே, "நல்லதாப் போச்சு. அந்தாளோடை பகைச்சுக்கொண்டு உன்னை எப்பிடிப் படிப்பிக்கிறது?" என்றார். அம்மா என் தட்டில் ஒரு மீன்துண்டு கூடுதலாக வைத்தா. நானும் சாப்பிட்டேன்.

பெரிய வாத்தியாருக்கு மாற்றம் கிடைத்தது. தோட்டத்துக்காக இல்லை, யாரோ சொந்தக்காரர் சொல்லிக் கிடைத்ததாம். பிரியாவிடையில் எடுத்த படத்தைத்தான் நீங்கள் பெரிதாக்கி வைத்திருக்கிறீர்கள். அவருக்குப் பக்கத்தில் மாலையை ஏந்திக்கொண்டு நிற்கிற பிள்ளையைப் பாதியில் வெட்டியிருக்கிறீர்கள். நல்லது, வெட்டுப்பட்டது நான்.

மாசியில் எங்கள் வயல் அறுவடை. வெட்டுகிற ஆட்களுக்குத் தேத்தண்ணிக் கேத்திலை நான் தூக்கிக்கொண்டு போனேன். வெட்டி முடித்த பக்கத்தில் வாய்க்காலுக்கு அங்காலச் சனம் சிந்தின கதிர் பொறுக்கிக்கொண்டிருந்தது. அவர்களுக்குள் இடது கண்ணில் வெள்ளைத்துணி கட்டியபடி அக்கா. ஒரு பக்கம் தெரியாததால் தலையைக் கோழி மாதிரித் திருப்பித் திருப்பிக் கதிர் தேடினார். நான் வரம்பு மாறிப் போகப் பார்த்தேன்.

"பாப்பா" என்று கூப்பிட்டார்.

நின்றேன். அக்கா கிட்ட வந்தார். வெற்றிலை போடவில்லை, உதடு காய்ந்திருந்தது. சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"அன்னைக்கு அந்தப் பெரியவருகிட்ட அப்படிச் சொன்னியே பாப்பா. சொல்லச் சொல்லி ஒன்னைய அடிச்சாங்களா?"

நான் அவரைப் பார்த்தேன். அவர் அதைக் குற்றம் சாட்டுவதற்காகக் கேட்கவில்லை. இத்தனை நாளும் அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு கவலைப்பட்டிருக்கிறார் என்பது அந்த ஒற்றைக் கண்ணில் தெரிந்தது.

"ஓம் அக்கா" என்றேன். "அடிச்சவர்."

"எங்க?"

பாவாடையைத் தூக்கி முழங்காலுக்குக் கீழே இருந்த தழும்பைக் காட்டினேன். அது அப்பாவின் சைக்கிளால் விழுந்தபோது வந்தது. என் மேல் அந்த வருடம் ஒருவரும் கை வைக்கவில்லை.

"நெனச்சேன்" என்றார் அக்கா. "பச்சப்புள்ள நீ, வேற என்ன செய்வ."

கதிர்ப் பெட்டியை வரம்பில் வைத்துவிட்டு என் முன்னால் குந்தினார். தலையைச் சரித்து, தெரிகிற கண்ணை அந்தத் தழும்புக்குக் கிட்டக் கொண்டுவந்து பார்த்தார். பிறகு பெருவிரலில் எச்சில் தொட்டு, வலிக்காமல், மெதுவாகத் தடவிவிட்டார்.